தட்டைக் கூட்டினால் தண்ணீர் போகுமா?

ஓசூர் மருந்து ஆலையில் கழிவு ஐபிஏ-வை (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) காய்ச்சி மீட்கிறோம். கோபுரத்தில் தட்டுகளைக் கூட்டியும் 88 சதவீதத்தைத் தாண்டவில்லை. இன்னும் உயரமாகக் கட்டலாமா?
– வாசகர், நாட்றாம்பாளையம்

கட்ட வேண்டாம், பணம் வீண். உங்கள் வேலையில் பிழையே இல்லை. எடையில் 88 பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் 12 பங்கு நீரும் சேர்ந்துவிட்டால், சுமார் 80 டிகிரியில் ஒரே திரவம்போலக் கொதிக்கும். மேலெழும் ஆவியிலும் அதே விகிதம்தான். நூறு தட்டு வைத்தாலும் அங்கேயே நிற்கும்.

சைக்ளோஹெக்ஸேன் சேர்த்து நீரை இழுத்து வெளியேற்றும் பழைய வழி உண்டு. ஆனால் மருந்து ஆலையில் இன்னொரு கரைப்பானின் மிச்சத்தைச் சுமப்பானேன்? பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை நம் நாட்டு ஆலைகள் உலர்த்தும் முறையே உங்களுக்கும் பொருந்தும்: 3ஏ மூலக்கூறு சல்லடை. அதன் துளை 3 ஆங்ஸ்ட்ராம். நீர் நுழையும், ஆல்கஹால் நுழையாது. இரண்டு கலன் வையுங்கள். ஒன்று உலர்த்தும்போது மற்றது வெற்றிடத்தில் நீரை உதறட்டும். 99.5-க்கு மேல் கிடைக்கும்.

கோபுரத்தை 85-லேயே நிறுத்துங்கள். கடைசி மூன்று சதவீதத்துக்குத்தான் நீராவி அநியாயமாகச் செலவாகிறது. ஆவியைக் கொதிநிலைக்குச் சற்று மேலே சூடேற்றி அனுப்புங்கள். துளி விழுந்தால் சல்லடை மணிகள் உடையும். கழிவில் அமிலம் இருந்தால் முதலிலேயே காரமிட்டுச் சமன்செய்துவிடுங்கள், அமிலம் மணிகளை அரித்துவிடும்.