ஒரு கேபிள் சும்மா கிடக்கிறதா தம்பி?

மாடி ஸ்விட்ச்சிலிருந்து இரண்டு கோருக்கும் ஆளுக்கொரு அப்லிங்க் போட்டும், ஒன்றில் விளக்கு மட்டும் மினுங்குகிறது, டிராஃபிக் இல்லை என்றாயே. அது பழுதில்லை. லூப் வராமலிருக்க ஸ்பானிங் ட்ரீ ஒரு வழியை அடைத்து வைத்திருக்கிறது. எல்லா விலானுக்கும் ஒரே கோர் ரூட்டாக இருப்பதுதான் சிக்கல்.

யாரும் எதையும் மாற்றாவிட்டால் எல்லா ஸ்விட்ச்சுக்கும் பிரையாரிட்டி 32768. அப்போது மேக் முகவரி சிறியதாக இருக்கும் ஸ்விட்ச் ரூட்டாகிவிடும். பரண்மேல் கிடக்கும் பழைய பெட்டிகூட ரூட்டாக உட்கார்ந்திருக்கும், பார்த்திருக்கிறேன். அதனால் ரூட்டை நீயே வை. சிஸ்கோவின் ரேப்பிட் பிவிஎஸ்டியில் விலானுக்கு ஒரு மரம். விலான் 10, 20க்கு முதல் கோரில் 24576, இரண்டாவதில் 28672 கொடு. 30, 40க்கு அப்படியே தலைகீழாக. ஷோ கமாண்டில் 24586 என்று வந்தால் பதறாதே, விலான் எண் 10ஐ அதுவே கூட்டிக் காட்டுகிறது.

விலான்களை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நான் சறுக்கினேன். முதல் வேலையில் ஒற்றைப்படை இந்தப் பக்கம், இரட்டைப்படை அந்தப் பக்கம் என்று அழகாகப் பிரித்தேன். கேமரா 20, பேக்கப் 40. இரண்டும் ஒரே லிங்க்கில் ஏறி அது திணற, மற்றதில் நாலு பிரின்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது! ஸ்பானிங் ட்ரீக்கு லோடு தெரியாது, விலான் எண்தான் தெரியும். ஒரு வாரம் கிராஃபைப் பார்த்துவிட்டு, கனமானவற்றை ஆளுக்கொன்றாகப் பிரி.

கேட்வேயையும் கூடவே நகர்த்து. விலான் 30க்கு ரூட் இரண்டாவது கோர், கேட்வேயின் ஹெச்எஸ்ஆர்பி ஆக்டிவ் மட்டும் முதல் கோர் என்றால், பாக்கெட் ஒரு கோருக்கு ஏறி, இரண்டு கோருக்கும் நடுவிலுள்ள லிங்க்கைத் தாண்டி, வீண் சுற்று சுற்றும்.

இரண்டு அப்லிங்க்கும் ஒரே ஸ்விட்ச்சுக்குப் போகிறதா? அங்கே ரூட்டை மாற்றிப் பயனில்லை. எல்ஏசிபியில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடு, வேலை முடிந்தது. கட்ட முடியாத இடத்தில், விலான் வாரியாக காஸ்ட்டை மாற்று. காஸ்ட்டைக் கீழே இருக்கும் ஸ்விட்ச்சில் வைக்க வேண்டும். போர்ட் பிரையாரிட்டியை மேலே இருப்பதில். இடம் மாறினால் கமாண்ட் ஏறும், பலன் மட்டும் வராது. பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வேறு கம்பெனி ஸ்விட்ச்சும் கலந்திருந்தால் எம்எஸ்டி நல்லது. ரீஜன் பெயர், ரிவிஷன் எண், எந்த விலான் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற பட்டியல் மூன்றும் எல்லா ஸ்விட்ச்சிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு லிங்க்கும் ஆளுக்கு ஒரு கிகாபிட், இரண்டிலும் 700 மெகாபிட் ஓடுகிறது என்று மகிழாதே. ஒன்று அறுந்தால் 1400ம் ஒன்றிலேயே வரும். கூட்டுத்தொகை ஒரு லிங்க்குக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் பெரிய லிங்க் கேள்.

சனிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் காலியானதும், பிங்கை ஓடவிட்டு ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார். ஒன்றிரண்டு பிங் விழுந்தால் சரி. அரை நிமிடம் தொங்கினால் எங்கோ ஒரு ஸ்விட்ச் இன்னும் பழைய மோடில் இருக்கிறது. மறுபடி மாட்டிவிட்டு எனக்கு போன் பண்ணு.