கூரைமேல் கதிரவன்

2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில், தில்லி சப்தர்ஜங் நிலையத்திலிருந்து புதுமையான தொடர்வண்டி ஒன்று புறப்பட்டது. சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவான அதன் பெட்டிகளின் கூரைமீது, ஒவ்வொன்றும் 300 வாட் திறனுள்ள சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை வண்டியை இழுக்கவில்லை. இழுத்தது டீசல் எஞ்சினே. விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் அவை மின்சாரம் தந்தன. இதனைச் சிறு பணி என்று எண்ணலாகாது. அதுவரை அவற்றுக்காகவும் டீசல் எரிக்கப்பட்டது.

வீட்டு மாடியில் தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கலாம். ஓடும் வண்டியோ திசை மாறிக்கொண்டே இருக்கும். உயர்த்திச் சாய்த்தால் எதிர்காற்றும் தாக்கும். ஆதலால் தகடுகள் கூரையோடு ஒட்டிப் பொருத்தப்பட்டன. அதனால் மின்சாரம் சற்றுக் குறையும். தூசு படிந்தால் மேலும் குறையும். பகலில் எஞ்சிய மின்சாரம் இரவுக்கென மின்கலங்களில் சேமிக்கப்பட்டது.

சிந்திக்க: மழைநாளில் மின்கலம் நிறையாவிடில் விளக்குகள் எவ்வாறு எரியும்?