கல்லு கொதிக்குது!



வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. ஆனாலும் தொட்டி தளதளன்னு கொதிக்கும்! இதுதான் நாம் படிக்கும் வெப்ப உமிழ் வினை.

கால்சியம் ஆக்சைடு + நீர் → கால்சியம் ஹைட்ராக்சைடு + வெப்பம்

56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீருடன் சேர்ந்தால் சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். ஒரு லிட்டர் தண்ணீரை 15 டிகிரி சூடேற்ற இது போதும். ஆனால் நாம ஊத்துறது ஒரு லிட்டரா? கொஞ்சூண்டுதானே! அதனால்தான் அது கொதித்து, ஆவியாகிச் சீறுகிறது.

எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடி டம்ளரில் கல்லைப் போட்டு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு, ஒன்றும் நடக்கவில்லை. "புஸ்வாணம் ஆயிடுச்சு!" என்று கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு. என்னடா இதுன்னு குனிந்து பார்த்தேன். அப்பத்தான் பொங்கியது! டம்ளர் விரிசல் விட்டது. தெறித்த சுண்ணாம்பு என் கன்னத்தில் பட்டது. கண்ணுக்கும் அதற்கும் ரெண்டு விரல்கடைதான் தூரம். சார் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஏன் இந்தத் தாமதம்? காளவாயில் அதிகமாக வெந்த கல்லுக்குள் தண்ணீர் இறங்க நேரமாகுமாம். பழைய கல் வேறு மாதிரி. காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துப் பொடியாகிவிடும், அதில் சூடே வராது. ஆகவே, கட்டியான கல் சும்மா கிடந்தால் கிட்டே போகாதீங்க, அதுதான் ஆபத்தான நேரம்.

இப்போது எவர்சில்வர் கிண்ணத்தில்தான் செய்கிறோம். அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். புளியங்கொட்டை அளவு கல், சொட்டுக் குழாயால் தண்ணீர், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. மூடியே போடக்கூடாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்தால் உடைந்துவிடும் (ஒருத்தன் கேட்டான், அதனால் எழுதுகிறேன்!).

கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது. சுண்ணாம்பு காரம், சூடு ஆறினாலும் கண்ணை அரிக்கும். துணுக்குகளை அகற்றி, 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் சார் முன்னிலையில் மறுபடி செய்து காட்டுகிறோம். முன் ரெண்டு பெஞ்சு காலியாக இருக்கும். அங்கே இடம் பிடிக்க வராதீங்க!

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி