நிழல் நிலத்தை மூடும் சிறு கோரை

கண்டி, மாத்தளை முதலிய மலைப்பாங்கான பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிற் பலா, கமுகு, கோப்பி, கராம்பு ஆகியன நெருங்கி நிற்பதால் அவற்றின் அடியிற் புல் செழிப்பதில்லை. அந்நிலத்தைச் சிலர் நாடோறும் கூட்டி வெறுந்தரையாக வைத்திருப்பர். பார்வைக்கு இது துப்புரவாயினும் நிலத்துக்குக் கேடாகும். இலைகளிற் சேர்ந்து சொட்டும் நீர்த்துளிகள் மழைத்துளிகளினும் பருமனானவை. அவை மேன்மண்ணைக் கிளப்ப, ஓடும் நீர் அதனைக் கீழேயுள்ள வயலுக்கும் வாய்க்காலுக்கும் கொண்டு செல்லும்.

இத்தகைய நிலத்துக்கு ஏற்றது, பாதையோரங்களிலும் தென்னந் தோட்டங்களிலும் தானாகவே முளைக்கும் வெண்ணிறப் பூத்தலையுடைய சிறு கோரையாகும். தாவரவியலார் இதனைக் கிலிங்கா நெமொராலிசு என்பர். இது இலங்கைக்கு உரிய பழைய தாவரம். மிதமான நிழலைத் தாங்கும். நிலத்தையொட்டிப் படரும் தண்டினால் மண்ணை இறுகப் பற்றும்.

கோரை என்றதும் கமக்காரர் முகஞ்சுளிப்பது நியாயமே. மரக்கறிப் பாத்திகளைப் பாழாக்குவது கிழங்குக் கோரை. இரண்டின் தண்டுகளும் மூன்று விளிம்புடையன. ஆகவே தண்டைக் கொண்டு தீர்மானித்தல் கூடாது. ஒரு செடியை வேருடன் தோண்டிப் பாருங்கள். மெல்லிய தண்டுகளிற் கோத்தாற்போல வாசனையுள்ள கரிய கிழங்குகள் தொடர்ந்திருப்பின், அது கிழங்குக் கோரை, அதனை நடவேண்டாம். அதன் பூங்கொத்து கபில நிறமாய் விரிந்திருக்கும். சிறு கோரைக்கோ கிழங்கில்லை. உருண்டையான வெண்தலை, பெரும்பாலும் மூன்று இலைகளின் நடுவே அமர்ந்திருக்கும்.

கிழங்குக் கோரை நிழலை வெறுப்பது. அது நலிந்தாலும் கிழங்கு மண்ணில் உயிரோடிருக்கும். மண்வெட்டியாற் கொத்துவது தொடரைத் துண்டித்து, உறங்கும் கிழங்குகளையும் முளைக்கச் செய்யும். எனவே பாத்தியிற் கண்டால் கிழங்குடன் பொறுக்கி அகற்றுக.

பருவமழை தொடங்கியதும் சிறு கோரையின் வேருள்ள துண்டுகளைச் சாணுக்கு ஒன்றாக நடுக. சரிவிலே குறுக்கு வரிசையாக நடுதல் சிறந்தது. வேர் பற்றும் வரை களை பிடுங்கினாற் போதும்; பசளை வேண்டியதில்லை. மரக்கறிப் பாத்திக்கு அருகே நடவேண்டாம். அயலிலே பாத்தி இருப்பின் இடையில் ஒரு சிறு கான் வெட்டி, அதனைத் தாண்டும் தண்டுகளை அவ்வப்போது நறுக்கிவிடுக. பிடுங்கிய துண்டுகளை வயலிலோ வாய்க்காலிலோ எறியாது வெயிலில் நன்கு உலர்த்துக.

வெயிலே படாத கடு நிழலில் இதுவும் வளராது. அங்கே உதிர்ந்த இலைகளைக் கூட்டாது விட்டாற் போதும்.