அறைக்கேற்ற ஒலிபெருக்கி

பணி ஓய்வு பெற்ற என் தந்தையார், தம் சேமிப்பில் ஒலிபெருக்கி வாங்கி இளையராஜாவின் பாடல்களை வீட்டிலேயே கேட்க விரும்பினார். கடையின் விசாலமான கூடத்தில் முழங்கிய, தரையில் நிற்கும் உயரமான பெட்டிகளில் அவர் மனம் லயித்துவிட்டது. "இயற்பியல் படிக்கிறாயே, நீ சொல்லப்பா" என்றார்.

நான் எங்கள் அறையை அளந்தேன். நீளம் 3.6 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 344 மீட்டர். அதனை நீளத்தின் இருமடங்கான 7.2 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 48 வருகிறது. 48 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி எழும்போது எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலை அலை உண்டாகி அறையே உறுமும். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வது. பெரிய பெட்டி அவ்வுறுமலை வளர்க்கும். பாடுவோரின் சொற்கள் அதில் அமிழ்ந்துபோகும்.

பெரிய பெட்டி தாழ்ந்ததன்று. ஒரே ஒலியழுத்தத்திற்கு, அதிர்வெண் பாதியானால் கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். ஆதலின் பெரிய கூடத்திற்கு அதுவே தகும்.

நாங்கள் சிறிய பெட்டிகளையே வாங்கினோம். அலமாரிக்குள் திணிக்காமல், சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, காது மட்டத்தில் தாங்கிகள்மீது வைத்தோம். அடிநாதம் சிறிது குறைவுதான்; ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. சேமிப்பிலும் பாதி மிஞ்சியது.

நண்பர்களே, பெட்டியை விலை பேசுமுன் அறையை அளந்து பாருங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கமே வேண்டும்!