வீடு வாங்குவோர் கவனிக்க

திருப்பாச்சூர்ப் பக்கம் சொந்த வீடு வாங்க எண்ணுகிறீர்களா? குறையே இல்லாத வீடு ஒருவருக்கும் கிடைப்பதில்லை. எக்குறையைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்று முதலில் தீர்மானியுங்கள்.

அறை சிறிதா? திருவள்ளூர் ரயிலடி சற்றுத் தூரமா? பொறுக்கலாம். மழையில் வாசலில் நீர் தேங்குகிறதா? கோடையில் கிணறு வற்றுகிறதா? இருமுறை சென்று பார்த்து யோசியுங்கள்.

பத்திரக் குறையை மட்டும் பொறுக்காதீர்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-ல் தடை விதித்ததை மறவாதீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான அடமானமே தெரியும். ஆகவே மூலப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; 20 லட்சத்துக்கு 1,80,000 ரூபாய் தனியே வேண்டும்.

கணவன் மனைவி கூடிக் கணக்கிடுங்கள். தவணைக்காகப் பிள்ளைகளின் பாலும் படிப்பும் குறையுமானால், இவ்வாண்டு வாடகை வீட்டிலேயே இருப்பது விவேகம்.