மூன்று கதவு தள்ளி

குளுவாங்,
16.3.2025

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நானும் பெரியம்மாவும் நலம். முட்டி வலி போன மாதம் இருந்தபடியேதான் இருக்கிறது. அதை விசாரிக்க நீ போன் செய்ய வேண்டாம், வேறு எதற்காவது செய்.

வெள்ளிக்கிழமை ராத்திரி உன் அம்மா பேசினாள். எப்போதும் வெங்காய விலையில் ஆரம்பிப்பவள், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே அழுதாள். மாசாய் வீட்டைக் காலி செய்யப் போகிறாயாம். பத்து நாளாக வேலையிடத்துக் கூட்டாளி ஒருவன் அறையில் தரையில் படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மோட்டாரில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிறாயாம். மாசாய் வீட்டுப் புலனக் குழுவை விட்டு விலகிவிட்டாய். போதாக்குறைக்கு முகநூலில் என்னவோ எழுதி இரண்டு மணி நேரம் கழித்து அழித்தாய் என்றாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் யாராவது படம் பிடித்து வைத்துக்கொண்டார்களா என்று மட்டும் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் போனது.

நீ சின்னப் பிள்ளை இல்லை. யாரோடு குடியிருப்பது என்பது உன் முடிவு. நான் அதில் தலையிட மாட்டேன். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் காரணமான அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். ஏரா மலாய் வானொலிக்காரர்கள் காவடியாட்டத்தைக் கேலி செய்து "வேல் வேல்" என்று சொல்லி ஆடிக் காட்டிச் சிரித்ததைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. பெரியம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள், சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். ஆடியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், நிலையம் அவர்களை இடைநீக்கம் செய்தது, தொடர்பு பல்லூடக ஆணையம் 250,000 ரிங்கிட் அபராதம் போட்டது. உனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதை நான் தப்புச் சொல்லவில்லை.

ஆனால் நீ வீட்டை விட்டுக் கிளம்பியது வானொலிக்காரர்களுக்காக இல்லை. மாசாய் வீட்டில் உன்னோடு குடியிருக்கிற கூட்டாளி அதே காணொளியை, சிரிக்கும் முகம் மூன்றை ஒட்டி, வீட்டுக் குழுவில் போட்டான். கேட்டதற்கு "விளையாட்டுத்தான் லா" என்றான். பதிலுக்கு நீ அவன் நோன்பைப் பற்றி ஒரு வார்த்தை விட்டாயாம். அந்த வார்த்தையை உன் அம்மா என்னிடம் சொல்லவே கூசினாள்.

முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. இனம், சமயம், அரசர் இந்த மூன்றையும் சேர்த்து இப்போது 'த்ரீ ஆர்' என்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தில் 233ஆவது பிரிவு இருக்கிறது. உனக்கு ஆத்திரம் வந்தது நியாயமா இல்லையா என்று புகாரை எழுதிக்கொள்ளும் போலீஸ்காரர் பார்க்க மாட்டார். உன் சிங்கப்பூர் வேலையையும் நினைத்துப் பார். அதை நம்பியிருப்பது உன் அப்பா இல்லாத வீடு.

மிச்சிகனில் இருக்கும் உன் அக்கா இதைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவில் யாரும் எதையும் சொல்லலாம் பெரியப்பா, அரசாங்கம் வாயைக் கட்டாது என்றாள். பெரும்பாலும் உண்மைதான், 1791இலேயே அதை அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். சாமியைக் கேலி செய்தாலும் அங்கே அபராதம் போட முடியாது. அவளே அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொன்னாள். நன்றி சொல்லும் நாள் விருந்துக்குச் சில வீடுகளில் அண்ணன் தம்பிகள் வருவதே இல்லையாம். வருகிற வீடுகளில் அரசியல் பேசக்கூடாது என்று முன்கூட்டியே கட்டளையாம். போன தேர்தலில் பக்கத்து வீட்டுக் கிழவர் இவளுக்குப் பிடிக்காத ஆளின் பெயர்ப் பலகையை வாசலில் நட்டு வைத்திருந்தார். இப்போதும் பனி விழுந்தால் தன் வாசலைத் தள்ளிவிட்டு இவள் வாசலையும் சேர்த்துத் தள்ளுகிறார். இவள் அவரோடு பேசுவதில்லை. "பேசாமல் இருப்பதுதான் பெரியப்பா பொறுமை" என்கிறாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால், மூவார் துணி துவைக்கும் கடை ஞாபகம் இருக்கிறதா? 2017 செப்டம்பர். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை மாட்டியிருந்தார்கள், சுத்தம் கருதியாம். சுல்தான் இப்ராஹிம் கோபப்பட்டார். ஜோகூர் எல்லா இனத்துக்கும் உரியது, இது தாலிபான் நாடு இல்லை என்றார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார், பலகை இறங்கியது. அன்றைக்கு உன் அப்பா எனக்குப் போன் செய்து, பார்த்தீர்களா அண்ணா என்று துள்ளினான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போனை வைத்த பிறகு நம் எஸ்டேட் தேத்தண்ணிக் கடை ஞாபகம் வந்தது. அந்தக் கடை வாசலில் ஆணியில் ஒரு தகரக் குவளை தொங்கும். யாருக்கு அது என்று எழுதி வைத்திருக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். தமிழன் தமிழனுக்கு மாட்டிய குவளை. அதைப் பிடுங்கிக் கக்கூஸ் பக்கம் வீசியவர் உன் தாத்தா. ஒரு வாரம் கடைப்பக்கம் சண்டை. கடைசியில் எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ்.

தாத்தாவின் இந்தக் கதையை வீட்டில் நூறு தரம் கேட்டிருப்பாய். அவர் வீரத்தை மட்டும்தான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். 1954 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது, நடக்கத் தொடங்கியிருந்த என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனவர். தமிழ் முரசு வரிவரியாகப் படிப்பார். காவடி, தீமிதி எல்லாம் காட்டுமிராண்டித்தனம் என்பார். நான் ஆசிரியராகிச் சபைகூடலில் ருக்குன் நெகாராவை முழங்கியபோது, முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை என்று கேட்டுவிட்டு, "மீதி நாலுக்கும் நான் சம்மதம்" என்றார். அவர் கொள்கையில் பாதிக்கு மேல் எனக்கு இன்றும் உடன்பாடு. பெரியம்மாவிடம் சொல்லிவிடாதே.

உனக்குச் சொல்லாத கதை இது. 1966 தைப்பூசம். சின்னத் தாத்தா நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து காவடி எடுத்தார். நம் வீட்டிலிருந்து மூன்று கதவு தள்ளி அதே லயனில்தான் அவர் வீடு. அலகு கழற்றி, கன்னத்தில் திருநீறு அப்பி, கால் தள்ளாட லயனுக்குள் வருகிறார். உன் தாத்தா கித்தாப் பால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முறத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, எதிரே ஆடினார். நாக்கைத் துருத்திக்கொண்டு, வேல் வேல் என்று. அந்த வானொலிக்காரர்களைப் பார்த்ததும் எனக்கு வாளிதான் ஞாபகம் வந்தது.

லயனே சிரித்தது. பதின்மூன்று வயசு எனக்கு, நானும் சிரித்தேன். வாளி அவர் மூக்கு வரை இறங்கி, பார்க்க வேடிக்கையாக இருந்தது. சின்னத் தாத்தா அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு அறுந்தது. முப்பத்தோரு வருஷம். ஒரே பிரட்டு, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே கள்ளுக்கடைச் சாலை. ஒருவர் வந்தால் மற்றவர் திரும்பிக்கொள்வார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. உன் அக்கா சொல்கிற பொறுமை இதுதான் என்றால், அதை நான் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன்.

பொங்கல் ஒன்றுதான் இருவரும் ஒத்துக்கொண்டது. கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கியது, சாமி உண்டு என்பவனும் இல்லை என்பவனும் ஒரு பந்தலில் உட்காரட்டும் என்றுதான். நம் தாத்தாக்கள் இருவரும் பந்தலில் ஆளுக்கொரு மூலை. காலையில் பாட்டி தூக்குச்சட்டியில் பொங்கல் போட்டு, "யார் குடுத்தான்னு சொல்லாதே" என்று என்னை அனுப்புவாள். மூன்று கதவு தள்ளிச் சின்னப் பாட்டி வாங்கிக்கொண்டு, அதே தூக்குச்சட்டியில் அவள் பொங்கலை நிரப்பி, அதே வார்த்தையைச் சொல்லி அனுப்புவாள். அவள் முந்திரியை நெய்யில் கருக்கிவிடுவாள். தாத்தா ஒரு வாய் வைத்ததும் யார் வீட்டுப் பொங்கல் என்று கண்டுபிடித்திருப்பார். ஒன்றும் கேட்காமல் வழித்துத் தின்பார்.

1997இல் சின்னத் தாத்தா போனார். உன் தாத்தா சுடுகாடு வரைக்கும் வந்தார், வீட்டுக்குள் வரவில்லை. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "எந்தச் சட்டை போட்டுவிட்டீங்க?" என்று கேட்டார். நீலம் என்றேன். "நீலமா" என்றார். வேறு பேச்சில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த 66ஆம் வருஷத் தைப்பூசத்தன்று பொழுது சாய்ந்த பிறகு, சின்னத் தாத்தா என்னைக் குழாயடியில் பிடித்துக்கொண்டார். அறைவார் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஒரு வாழைப்பழம் வைத்து, "சாப்பிடு போ" என்றார். ஆடியவரை அவர் கடைசி வரை மன்னிக்கவில்லை. கூடச் சிரித்தவனை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார். அந்தப் பழத்தை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால்தான் மூன்று சிரிப்பு முகம் போட்டவனைப் பற்றி எனக்கு உன்னளவுக்குக் கோபம் வரவில்லை. அவன் செய்தது சரி என்று நான் சொல்லவே இல்லை. அவனிடம் கேள், நேருக்கு நேர் கேள், உன் பெரியம்மா பால்குடம் எடுத்த கையைப் பற்றிச் சொல். போன் திரையில் கேட்காதே. உன் அப்பா காரியத்தன்று அவன் வந்தது ஞாபகம் இருக்கிறதா? சடங்கு நடக்கும்போது கேட்டுக்கு வெளியிலேயே நின்றான், உள்ளே வந்து கலந்துகொள்ளவில்லை. அது அவன் நம்பிக்கை. ஆனால் தண்ணீர்ப் பெட்டியை அவன்தான் தூக்கினான், நாற்காலியை அடுக்கினான், கடைசி லாரி போகும்வரை நின்றான். அன்றைக்கு நம் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் எங்கே இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. (பத்து பகாட் ஆட்களைத்தான் சொல்கிறேன்.)

உன் அப்பாவும் நானும் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும். 2007 நவம்பர் 25 இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராப் பேரணிக்கு அவன் கோலாலம்பூர் போனான், கண்ணீர்ப்புகை வாங்கி வந்தான். நான் போகவில்லை, அரசாங்க வேலை, ஓய்வுபெறக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. என்னைப் பயந்தாங்கொள்ளி என்றான். அந்த இரண்டு வருஷத்தை இப்போது யாரிடம் போய்க் கேட்பேன்?

சரி. உனக்கு இரண்டு வழி. வேறு அறை பார்த்துக்கொண்டு போகலாம். முன்பணம் குறைந்தால் நான் தருகிறேன், வெட்கப்படாதே. அறை கிடைக்கும், ஆளும் கிடைப்பான், நம் ஆளாகவே கிடைப்பான். அவன் ராத்திரி முழுக்கக் குறட்டை விடுவான், வாடகையில் ஏமாற்றுவான், நமக்குச் சாமி ஒன்றுதானே என்று நீ பொறுத்துக்கொள்வாய். இல்லாவிட்டால் இந்த வாரம் ஒருநாள் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மாசாய் வீட்டுக்குப் போய், நோன்பைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் காவடிக்காகச் சண்டை போடலாம். எது வேண்டுமானாலும் செய். நான் வற்புறுத்தவில்லை.

அதிகம் பேசிவிட்டேன். வருஷக்கணக்காகக் கரும்பலகை முன்னால் நின்றவன் வாய் சும்மா இருக்காது. நீ எங்களுக்குத் தங்கம்டா. ஏழு வயசில் என் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை. நீ அறை மாறினாலும் எங்கள் பிள்ளை, மாறாவிட்டாலும் எங்கள் பிள்ளை, முகநூலில் உளறினாலும் எங்கள் பிள்ளைதான். இந்தக் கடிதம் பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு, பெரியம்மாவுக்கு மட்டும் ஒரு போன் போடு. தரையில் படுக்காதே, முதுகு போய்விடும். நாளைக்கு அந்தப் பக்கம் வருகிற ஒருவரிடம் மெத்தை கொடுத்தனுப்புகிறேன்.

அவரிடமே ஒரு டப்பாவும் வரும். பெரியம்மா கறிபாப் முப்பது சுட்டிருக்கிறாள். உள்ளே உருளைக்கிழங்குதான், இறைச்சி கிடையாது. எதற்கு முப்பது, அவன் ஒருத்தன்தானே என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. டப்பாவையும் மெத்தையையும் மாசாய் விலாசத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், உன் புது விலாசம் எனக்குத் தெரியாதே. ஏழு மணிக்குமேல் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்
பெரியப்பா

பி.கு.: மோட்டார் பின்சக்கரம் வழுக்கையாகிவிட்டது என்று போன தடவையே சொன்னேன். மாற்றினாயா?